சும்மா நின்ற நேரம்

முப்பத்தெட்டு வருடம் துறைமுகத்தில் சம்பளம் வாங்கியிருக்கிறேன். ஒரு மூட்டை தூக்கியதில்லை, ஒரு கிரேன் ஓட்டியதில்லை. என் வேலை எழுதுவது. அதிலும், வேலை நடக்காமல் சும்மா நின்ற நேரத்தை எழுதுவது.

அதற்கு டைம் ஷீட் என்று பெயர். கப்பல் வெளிக்கடலில் நங்கூரம் போட்டது எத்தனை மணி, பைலட் ஏறியது எத்தனை மணி, பெர்த்தில் கயிறு கட்டியது எத்தனை மணி, முதல் கொக்கி இறங்கியது எத்தனை மணி என்று ஆரம்பித்து, கடைசிக் கயிறு அவிழும் வரை நிமிடக் கணக்காக எழுத வேண்டும். வேலை நின்றால் நின்ற நேரம், மறுபடி தொடங்கிய நேரம், பக்கத்தில் காரணம். கப்பல்காரரும் சரக்குக்காரரும் பின்னால் உட்கார்ந்து பணம் பேசுவது இந்தத் தாளை வைத்துத்தான். பேசிய நாளுக்குள் சரக்கு இறங்காவிட்டால் சரக்குக்காரர் டெமரேஜ் கட்ட வேண்டும். முன்னதாக முடித்துக் கொடுத்தால் கப்பல்காரர் டிஸ்பாச் தருவார். வழக்கமாக அது டெமரேஜில் பாதி. மழை பெய்த நேரம் பெரும்பாலும் கணக்கில் சேராது, லாரி வராத நேரம் சேரும். அதனால் ‘மழை 02.10 – 03.40’ என்று நான் ஒரு வரி எழுதினால் இரண்டு பக்கத்து ஆளும் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். மழை இரண்டு பத்துக்கா, இரண்டு இருபதுக்கா என்று சண்டை பிடித்த கேப்டன்களை எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் தூத்துக்குடித் திரேஸ்புரம். அங்கே சங்கு குளிக்கப் போகாத வீடு அன்றைக்குக் குறைவு. எங்கள் வீட்டில் அப்பா கடலுக்குள் இறங்கவில்லை, கடலின் மேலேயே இருந்தார். தோணியில் லஸ்கர், அதாவது மாலுமி. 1974-க்கு முன்னால் தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. கரையோரம் ஆழம் போதாது. ஐந்தாறு மைல் தள்ளி வெளிக்கடலில் நிற்கும். தோணியும் லைட்டரும் போய்ச் சரக்கைக் கொடுக்கும், வாங்கும். 1907-இல் வ.உ.சி. கொண்டுவந்து நிறுத்திய காலியா, லாவோ கப்பல்கள்கூட அப்படி வெளியே நின்றவைதான்.

அப்பா சொல்வார்: “கப்பல்ல ஏத்துத வேலை சின்ன வேலை மக்கா. தோணி போயி கப்பலப் பிடிக்கதுதான் பெரிய வேலை.” கொண்டல் காற்று முகத்தில் அடித்தால் தோணி கப்பல் பக்கம் அணைய அரை நாள் ஆகும். அணைந்த பிறகும் அலையில் தோணி ஏறி இறங்க, அந்த இறக்கத்தைப் பார்த்துக் கொக்கியை மாட்ட வேண்டும். மேலிருந்து வின்ச்காரனுக்கு ‘அரியா’ என்று குரல் கொடுப்பார்கள். இறக்கு என்று அர்த்தம். போர்த்துக்கீசியர் இந்தக் கரையில் விட்டுப்போன சொல். மாதா கோயிலோடு அதையும் விட்டுப் போனார்கள் என்று சொல்லி அப்பா சிரிப்பார்.

இந்தக் கரையில் துறைமுகம் இடம் மாறிக்கொண்டே வந்த கதை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பாண்டியரின் கொற்கை முத்துக்குப் பேர்போன துறை. தாமிரபரணி கொண்டுவந்த மணல் மூடி, இன்றைக்கு அது கடலைப் பார்க்காத ஊர். அதற்கப்புறம் காயல், மார்க்கோ போலோ எழுதிவைத்த ஊர். அதுவும் மேடிட்டது. பிறகு புன்னைக்காயல், பிறகு தூத்துக்குடி. ஒரு துறையைத் தூக்குவதும் கவிழ்ப்பதும் முதலில் தண்ணீரின் ஆழம். கிரேன், கம்ப்யூட்டர் எல்லாம் அதற்கு அடுத்த வரிசை.

கடலுக்குள் இரண்டு கல் கைகளை நீட்டி நடுவில் தண்ணீரைப் பிடித்து வைத்ததுதான் புதுத் துறைமுகம். வடக்கு அலைதடுப்புச் சுவர் 4 கிலோமீட்டரைத் தாண்டும், தெற்குச் சுவர் அதற்குக் கொஞ்சம் குறைவு. 1974 ஜூலை 11-இல் பெரிய துறைமுகம் என்று அறிவித்தார்கள். 1979-இல் பழைய துறைமுகத்தையும் இதோடு சேர்த்தார்கள். 2011-இல் வ.உ.சி. பெயர் வந்தது. நான் 1981-இல் சரக்கை எண்ணி எழுதும் டாலி கிளார்க்காகச் சேர்ந்தபோது எனக்கு வயது பத்தொன்பது. உப்பளங்களுக்கு நடுவே சைக்கிளில் போவேன். எதிர்காற்று அடித்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். அப்பாவுக்கு அந்தப் புதுத் துறைமுகத்தின் மேல் ஒரு பொறாமை இருந்தது. “கப்பல் கரைக்கே வந்துட்டுல்லா, இனி என்ன தாமசம் இருக்கு?” என்பார்.

தாமதம் இருந்தது. தண்ணீருக்குள் கிடந்தது கரையேறி வந்திருந்தது, அவ்வளவுதான்.

1983 ஐப்பசியில் ஒரு உரக் கப்பல். இரவும் பகலுமாக ஒரு முழு நாள் கணக்கைத் தனியாக என் நோட்டில் எழுதி வைத்தேன். ஆபீஸுக்குக் கொடுத்தது வேறு, இது எனக்காக. இருபத்து நாலு மணி நேரத்தில் கொக்கி அசைந்தது 13 மணி 10 நிமிடம். மீதி 10 மணி 50 நிமிடம் சும்மா நின்றது. அதில் மழைக்கு ஹேட்ச் மூடியது ஒன்றரை மணி. வின்ச் கோளாறு நாற்பது நிமிடம். ஷிப்ட் மாறுவதும் சாப்பாடும் இரண்டு மணி நாற்பது நிமிடம். பாக்கி ஆறு மணி நேரத்துக்கு நான் எழுதியது ஒரே காரணம்: ‘லாரி இல்லை.’

எங்கள் சூப்பர்வைசர் அண்ணாச்சி கணக்கில் கெட்டிக்காரர். நோட்டைப் பார்த்தவர், “வின்ச்ச மாத்தணும்னு எல்லாரும் கத்துதான், நாப்பது நிமிசந்தான் தம்பி அதுல போயிருக்கு” என்றார். பிறகு என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு லாரி எங்கே நிற்கிறது என்று தேடிப் போனார். தொலைவில்கூட இல்லை. சரக்குக்காரர் ஏற்பாடு செய்திருந்த எடைமேடை ஒன்றே ஒன்று. ஏற்றிய லாரியும் காலி லாரியும் அதில்தான் ஏற வேண்டும். சீட்டு எழுதுபவர் ஒருவர். அவர் சாப்பிடப் போனால் இருபது லாரி வரிசையில் நிற்கும். டிரைவர்கள் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். அங்கே பேனாவை மூடினால் இங்கே கப்பலில் கொக்கி நிற்கிறது! அண்ணாச்சி தன் பொறுப்பில் இன்னொரு பையனை அங்கே உட்கார வைத்தார். காலி லாரியை ஒவ்வொரு நடைக்கும் எடை போடாமல் ஷிப்டுக்கு ஒரு தடவை போட்டால் போதும் என்று சரக்குக்காரரைச் சம்மதிக்க வைத்தார். மறுநாள் என் நோட்டில் ‘லாரி இல்லை’ இரண்டு மணி நேரத்துக்கும் கீழே வந்தது. மிச்சமான அந்த நான்கு மணி நேரத்துக்கு ஆன செலவு ஒரு ஆள் சம்பளமும் அவனுக்கு இரண்டு டீயும்.

அன்றிலிருந்து எந்தத் துறைமுகத்தைப் பற்றி யார் பெருமை பேசினாலும் நான் கேட்பது கிரேனை அல்ல, டைம் ஷீட்டில் வேலை நின்ற வரிகளை. நிற்கும் நேரம் எவ்வளவு, காரணம் என்ன?

நிற்பதில் இன்னொரு வகை உண்டு. டைம் ஷீட்டின் முதல் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் நடுவில் ஒளிந்திருக்கும்: வெளிக்கடலில் பெர்த்துக்காகக் காத்திருப்பது. ‘நம்ம பெர்த் ஒரு நாள்கூடக் காலியா இல்ல’ என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பயம் தரும் செய்தி. ஒரே நாற்காலி உள்ள முடிவெட்டும் கடையை நினைத்துப் பாருங்கள். நாற்காலி எப்போதும் நிறைந்திருக்கிறது என்றால் பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்து பழைய தினத்தந்தியைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். கப்பலும் ஆட்களைப் போலத்தான், வரிசையாக வராது. காற்றும் முந்தைய துறைமுகமும் விட்டபோது வரும். அப்படி வரும் கப்பல்களுக்கு ஒரே பெர்த் இருந்து, அது பாதி நேரம் நிறைந்திருந்தாலே, சராசரிக் காத்திருப்பு ஒரு கப்பல் வேலைக்குச் சமமாகிவிடும் என்று கணக்குப் படித்தவர்கள் காட்டுவார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு நிறைந்தால் காத்திருப்பு ஒன்பது மடங்கு. கொஞ்சம் காலியாகக் கிடக்கிற பெர்த்தை வீண் என்று நினைக்கும் வரை கப்பல் வெளியே நிற்கத்தான் செய்யும். கப்பல் நின்றால் வாடகை நிற்காது. அந்த வாடகை கடைசியில் பருப்பு விலையிலும் உர விலையிலும் வந்து உட்காரும்.

கண்டெய்னர் வந்ததும் எல்லாம் தலைகீழானது என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். 1956-இல் மால்கம் மெக்லீன் என்ற லாரி கம்பெனிக்காரர் 58 பெட்டிகளை ஒரு பழைய டேங்கர் கப்பலின் மேல்தளத்தில் வைத்து அமெரிக்காவில் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியதில் தொடங்கிய காரியம். நம் ஊரில் தனி கண்டெய்னர் முனையம் 1999 கடைசியில் ஏழாம் பெர்த்தில் ஓடத் தொடங்கியது. திருப்பூர் பனியனும் கரூர் போர்வையும் சிவகாசித் தீப்பெட்டியும் பெட்டிக்குள் ஏறின. நானும் மூட்டை எண்ணுவதை விட்டுப் பெட்டி நம்பர் எழுத மாறினேன். அப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், இன்றைக்கும் இளையவர்களிடம் இதைத்தான் சொல்வேன். ஒரு கப்பலில் ஏற்றி இறக்க 600 பெட்டி. இரண்டு கிரேன். ஒவ்வொன்றும் மணிக்கு 25 பெட்டி எடுக்கிறது. பன்னிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். கிரேன் டிரைவரை விரட்டி வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் மிச்சமாவது ஒரு மணி ஐந்து நிமிடம். ஆனால் அதே கப்பல் பெர்த்துக்காக ஒன்பது மணி நேரம் வெளியே நின்றிருந்தால்? கட்டிய பிறகு முதல் பெட்டி அசைய ஒன்றரை மணி நேரம் ஆனால்? முடிந்த பிறகு பைலட்டுக்காக இரண்டு மணி நேரம் நின்றால்? விரட்டல் எல்லாம் கிரேன் டிரைவரிடம்தான் நடக்கும், ஏனென்றால் அவர் ஒருவர்தான் எல்லார் கண்ணிலும் படும்படி உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

என் கையாலேயே ஒரு பெட்டி நின்றிருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸுக்கு மாறியிருந்தேன், 2004. கரூரிலிருந்து வந்த ஜவுளிப் பெட்டி. சீல் நம்பரில் 6-ஐ 8 என்று எழுதிவிட்டேன். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று மூன்று மாதமாகத் தள்ளிப் போட்டிருந்தேன். கேட்டில் காகிதமும் சீலும் ஒத்துப்போகவில்லை என்று வண்டியை ஓரங்கட்டிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரி. திருத்தத்துக்கு மனு எழுதி, கையெழுத்து வாங்கி, மறுபடி வரிசையில் நிற்பதற்குள் கேட் மூடும் நேரம் கடந்தது. எங்கள் பெட்டி இல்லாமலே, கொழும்பு வரை பெட்டி கொண்டுபோகும் சின்னக் கப்பலான ஃபீடர் கிளம்பியது. அடுத்த ஃபீடர் மூன்று நாள் கழித்து. அதில் போய்ச் சேர்ந்தபோது கொழும்பில் ஐரோப்பாவுக்குப் போகும் தாய்க்கப்பல் போயிருந்தது. அடுத்தது ஒரு வாரம் கழித்து. ஒரு எண்ணின் வளைவு மூடியதும் மூடாததும் பத்து நாள்! ஏற்றுமதிக்காரர் என்னைத் திட்டவில்லை. “சார், அங்க சீசன் முடிஞ்சிரும்” என்று மட்டும் போனில் சொன்னார். திட்டியிருக்கலாம்.

கொழும்பைச் சொல்லி நம்மை மட்டம் தட்டுவது இங்கே ஒரு பழக்கம். ஒரே ராத்திரி ஓட்டத்தில் இருக்கும் துறைமுகம், அங்கே போய் நம் பெட்டி கப்பல் மாறுகிறது, அவன் சுறுசுறுப்பு நமக்கு ஏன் இல்லை என்பார்கள். நான் போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் அங்கே வரும் பெட்டியில் பெரும்பகுதி கரையில் கால் வைப்பதே இல்லை. ஒரு கப்பலில் இறங்கி, யார்டில் படுத்து, இன்னொரு கப்பலில் ஏறும். அதற்கு லாரி வேண்டாம், எடைமேடை வேண்டாம், கேட் வேண்டாம், சுங்கத்தில் பிரித்துப் பார்க்கும் சோதனையும் பெரும்பாலும் வேண்டாம். சிங்கப்பூரும் அப்படித்தான். நம் துறைமுகம் ஊருக்குள் போகும் வாசல். ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் ஒரு தொழிற்சாலை, ஒரு லாரி, ஒரு வங்கிக் கடிதம், ஒரு சுங்கக் கட்டு. ஜங்ஷனையும் டெர்மினஸையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

அவர்கள் நம்மை உண்மையாகவே ஜெயித்தது ஆழத்தில். கொழும்பின் தெற்கு முனையத்தில் 18 மீட்டர். நாம் வெகுகாலம் 10.9 மீட்டரில் கிடந்தோம். பிறகு 12.8, இப்போது 14 மீட்டரைத் தாண்டியிருக்கிறோம். இந்த எண்கள் சாதாரணமாகத் தெரியும். ஒரு பெரிய நிலக்கரிக் கப்பல் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்தால் சுமார் 65 டன் கூடுதலாக ஏற்றியிருக்கிறது என்று பொருள். 10.9-க்கும் 12.8-க்கும் நடுவே 190 சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 12,000 டன்னுக்கு மேல் வரும். அதே பைலட், அதே கயிறு, அதே பெர்த், கிட்டத்தட்ட அதே எண்ணெய்ச் செலவு.

காகிதத்தில் நாம் முன்னேறியதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் சேர்ந்த காலத்தில் ஒரு இறக்குமதிக் கட்டு மேசை மேசையாக நடக்கும். எந்த மேசையில் யார் லீவு என்பது தெரிந்தவன்தான் நல்ல கிளார்க். நடுவில் நின்றுவிட்ட கட்டை நகர்த்த ‘டீக்காசு’ என்று ஒன்று இருந்தது. அதற்கும் டைம் ஷீட்டில் காரணக் கட்டம் கிடையாது. ‘டாக்குமென்ட்’ என்று எழுதுவோம். கணக்கு கம்ப்யூட்டருக்குப் போனபின் அந்த நடை குறைந்தது. தொழிற்சாலையிலேயே மின்னணு சீல் வைத்த பெட்டி, நடுவில் எந்த யார்டிலும் இறங்காமல் நேரே துறைமுகத்துக்குள் போகிறது. இப்போது ஆறும் எட்டும் குழம்ப வழியில்லை. என்னைப் போன்றவன் கண்ணாடி மாற்றாமலே இருக்கலாம்.

ஆனால் துறைமுகத்தின் எல்லை அதன் கேட்டோடு முடிவதில்லை. 2023 டிசம்பர் 17, 18-இல் அது எல்லாருக்கும் தெரிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றுவிட்டது. ஊர் தண்ணீரில் கிடந்தது. நான் ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகியிருந்தது, இருந்தாலும் கை பரபரத்தது. அலைதடுப்புச் சுவர் அப்படியே இருந்தது, கிரேன் அப்படியே நின்றது, தண்ணீரின் ஆழத்துக்கு ஒரு குறையும் இல்லை. சாலை மட்டும் இல்லை. சாலை இல்லாத துறைமுகத்தில் கப்பலைக் கட்டி என்ன செய்ய? நாற்பது வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய அதே இரண்டு வார்த்தையை யாரோ ஒரு பையன் எழுதியிருப்பான்: லாரி இல்லை.

திரேஸ்புரம் கரையில் இப்போதும் சாயங்காலம் போய் உட்காருவேன். நாட்டுப்படகு கரை தட்டுவதற்கு முன்பே ஏலக்காரர் நிற்பார், ஐஸ் உடைத்து வைத்திருப்பார்கள், கூடைக்காரப் பெண்கள் தலைச்சுமாட்டோடு தயாராக இருப்பார்கள். ஊளியும் சீலாவும் மணலில் விழுந்து ஐந்து நிமிடத்தில் விலை முடிந்து வண்டி ஏறிவிடும். மீன் காத்திருக்காது என்று எல்லாருக்கும் தெரியும். சிமென்ட்டும் நிலக்கரியும் நாறுவதில்லை, அதனால் காத்திருக்க வைக்கிறோம். நாறியிருந்தால் என் வேலையே இருந்திருக்காது.

புதுசு புதுசாக வருகின்றன. 2024 செப்டம்பரில் மூன்றாவது கண்டெய்னர் முனையம் திறந்தார்கள். அதற்கு முன் பிப்ரவரியில் வெளித் துறைமுகத் திட்டத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். நல்லதுதான். என் தங்கை பேரன் ஊருக்கு வெளியே ஒரு கண்டெய்னர் யார்டில் செக்கராக இருக்கிறான். போன மாதம் கையகல டேப்லெட்டைக் காட்டினான். வண்டி நின்றால் காரணத்தைத் தொட வேண்டும், எழுத வேண்டியதில்லை. மழை, மெஷின், வண்டி இல்லை, காகிதம், ஆள் இல்லை என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. கடைசியில் ‘மற்றவை’ என்று ஒரு கட்டம்.

“எதை அதிகமாத் தொடுவ?” என்று கேட்டேன்.

“மற்றவைதான் தாத்தா. அதைத் தொட்டா யாரும் போன் பண்ணி ஏன்னு கேக்க மாட்டாங்க.”

அந்த மென்பொருளை எழுதியவர்கள் யாராவது இதைப் படித்தால், கிழவன் சொல்கிறேன், அந்தக் கட்டத்தை முதலில் எடுத்துவிடுங்கள்.